முகம் கறுத்தது ஏன்?



ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களில், தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவரின் முகம் கறுத்தால், "நோய் முற்றிவிட்டது" என்று அக்கம்பக்கத்தார் பேசுவதுண்டு. உண்மை வேறு.

தொழுநோய்த் தேமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அங்கே உணர்ச்சி குறைந்திருக்கும். கருமைக்குக் காரணம் மருந்து. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின் ஆகியவை உண்டு. குளோபசிமின் தோலில் தங்கி, தேமல் இருந்த இடங்களை அதிகமாகக் கறுக்கச் செய்கிறது. சிகிச்சை முடிந்தபின் மாதக்கணக்கில் அது மெல்ல மங்கும்.

வெட்கப்பட்டு மருந்தைப் பாதியில் விட்டால், நோய் நரம்புகளைத் தாக்கிக் கை, கால், கண்களைக் கெடுக்கும். தேமல்கள் அதிகமுள்ளவர்கள் 12 மாதமும் தவறாமல் சாப்பிட வேண்டும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் இந்நோய்க்குச் சிகிச்சை நடந்துவருகிறது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மையும் சீக்கிரமே நீங்கிவிடுகிறது.

குஷ்டரோகியை ஆண்டவர் கைநீட்டித் தொட்டார் (மாற்கு 1:41). உங்கள் சபையில் அப்படிக் கறுத்த முகத்தைக் கண்டால் விலகாதீர்கள். அருகில் உட்காருங்கள், கைகொடுங்கள், "மாத்திரையை விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லுங்கள். உங்கள் காணிக்கையைப் போலவே அந்த வார்த்தையும் ஒருவரின் விரல்களைக் காக்கும்.