பனிமலையில் அஞ்ச வேண்டியது வெயிலுக்கே

சித்திரைப் புதுவருஷம் பிறக்கும் நாட்களில், வாகரைக் கடற்கரை மணலில் நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க முடியாதபடி வெயில் காயும்போது, சுவிற்சர்லாந்தில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து பனிமலையில் சறுக்கி விளையாடும் படங்கள் கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைக் கைமாற்றிப் பார்க்கும் தேநீர்க்கடைச் சபையிலே பிறக்கும் அபிப்பிராயங்களோ பலவிதம். "இது மார்கழியில எடுத்த படம், சித்திரையில எங்க பனி இருக்கப் போகுது" என்பார் ஒருவர். "அந்தக் குளிருக்குள்ள வெறும் சேட்டோட நிக்கிறான், காய்ச்சல்தான் வரப்போகுது" என்பார் மற்றவர். 1983க்குப் பின் அகதிகளாகச் சென்றவர்களும் அவர்கள் சந்ததியினருமாக ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் அந்நாட்டில் வாழ்வதாலும், தங்களைப் பார்க்க வரும் தாய் தகப்பன்மாரை மலைக்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளுக்கு ஒரு சம்பிரதாயமாகிவிட்டதாலும், இந்த நம்பிக்கைகளைச் சற்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

பனிச்சறுக்கு வெள்ளைக்காரச் சீமான்களின் விளையாட்டு என்ற எண்ணத்தை விரைவில் கடந்துவிடலாம். அங்குள்ள பள்ளிக்கூடங்கள் பல மாணவரைப் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிச் செல்லும் வழக்கமுடையவை. ஆகவே எங்கள் பிள்ளைகளும் சிறுவயதிலேயே அதைப் பழகிக்கொள்கிறார்கள். செலவு அதிகம் என்பது மட்டும் மெய், அதை மறுப்பதற்கில்லை.

வசந்தம் வந்தால் பனி போய்விடும் என்பது அடிவாரத்துக்குப் பொருந்தும், சிகரத்துக்குப் பொருந்தாது. செர்மாட் என்ற மலைக்கிராமம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீற்றரில் இருக்க, அங்கிருந்து புறப்படும் கேபிள் கார்கள் தியோடுல் பனியாற்றுக்கு மேலே 3,883 மீற்றர் உயரத்திலுள்ள நிலையத்தில் கொண்டுபோய் விடுகின்றன. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையுமாதலால், கிராமத்தில் புல் துளிர்க்கும் அதே நாளில் உச்சியில் மாரிகாலமே நிலைத்திருக்கிறது. அதுமட்டுமன்று, அல்ப்ஸ் மலையின் உயர்ந்த சரிவுகளில் பனி மிக ஆழமாகக் கிடப்பது மார்கழியில் அல்ல, பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில்தான். பகலும் நீண்டு, வானமும் தெளிந்து, பனியும் நிறைந்திருக்கும் இப்பருவத்தையே தேர்ந்தவர்கள் விரும்புகிறார்கள்.

ஆனால் அந்தப் பனி நாள் முழுவதும் ஒரே பனி அன்று. இரவில் உறைந்து, விடியற்காலையில் கருங்கல்போல் இறுகிக் கிடப்பது, வெயில் ஏற ஏற மேற்பரப்பில் சில சென்ரிமீற்றர் மட்டும் இளகிச் சறுக்குவதற்கு மிக இதமான பதத்தை அடைகிறது. நண்பகல் கழிந்தால் அதுவே கூழாகிக் காலைப் பிடித்து இழுப்பதோடு, செங்குத்தான சரிவுகளில் நனைந்த பனி மொத்தமாகச் சரிந்துவிழும் அபாயத்தையும் உண்டாக்குகிறது. விடியுமுன் வள்ளம் தள்ளி, வெயில் உறைக்குமுன் கரைசேரும் வாகரை மீனவனின் நேர ஒழுங்குதான் அங்கேயும் செல்லும். காலை பத்துமணிவரை உறங்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மலையேறுகிறவன், நாளின் நல்ல பாதியைத் தொலைத்து, கெட்ட பாதிக்குக் காசு கொடுக்கிறான்.

"நாங்கள் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள், பனியிலுள்ள வெயில் எங்களை என்ன செய்யும்" என்ற பெருமிதமே எல்லாவற்றிலும் ஆபத்தானது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடுந்தோறும் சூரியனின் புறஊதாக் கிரணங்களின் வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. அதற்குமேல், எங்கள் கடற்கரையின் உலர்ந்த மணல் அக்கிரணங்களில் 15 சதவீதம் அளவையே திருப்பியனுப்ப, புதிதாய்ப் பெய்த பனியோ 80 சதவீதம் வரை திருப்பியனுப்புகிறது. ஆகவே அங்கே வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழிருந்தும் அடிக்கிறது. தொப்பி போட்டவனுக்கும் மூக்குத் துவாரத்தின் விளிம்பும் தாடையின் அடிப்புறமும் கன்றிப்போவது இதனால்தான். கருமை நிறம் தோலுக்கு ஓரளவு கவசம் என்பது மெய்யே. கண்ணுக்கு அது கவசம் ஆகாது. கறுப்புக் கண்ணாடி அணியாமல் ஒரு பகல் திரிந்தவனுக்கு மலையில் ஒன்றும் தெரியாது; பல மணித்தியாலங்கள் கழித்து, வீட்டுக்கு வந்தபின், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்திக் கண்ணீர் வடியத் தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் உபாதைதான். ஆயினும் அந்த இரவின் வேதனை சாமானியமன்று.

குளிருக்குப் பிராந்தி நல்லது என்பதும் பொய். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே போகவிடுகிறது. சூடு பிறந்ததாகத் தோன்றுவது அது வெளியேறும் உணர்ச்சியே. மேலே பிராணவாயுவின் விகிதம் குறைகிறது என்பாரும் உளர். விகிதம் மாறுவதில்லை, அமுக்கமே குறைகிறது. செர்மாட்டின் உச்சி நிலையத்தில் அது கடல்மட்டத்து அமுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அங்கே தலைவலியும் மூச்சுவாங்கலும் வந்தால் சமாளித்துக்கொண்டு நிற்பதைவிடக் கீழே இறங்குவதே மருந்து. இருதய நோயுள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முன்னதாக வைத்தியரைக் கேட்டுக்கொள்வது உசிதம்.

இனி, பனியாறு அசையாதது, அழியாதது என்ற எண்ணம். அலெற்ஷ் பனியாறு 20 கிலோமீற்றருக்கு மேல் நீளமுடையது. அதன் நடுவில் ஆண்டுக்கு நூறு மீற்றருக்கு மேல் நகர்கிறது. அசையும் கட்டி வெடிக்கும். வெடிப்பின் வாயைப் புதுப்பனி மூடும். வெயிலில் அந்த மூடி இளகும். அடையாளக் கம்புகளுக்கு வெளியே சறுக்கக்கூடாது என்ற சட்டம் காசுக்காகப் போட்டதென்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. மாடுகளுக்குத் தீனி வைக்கப்போய் 1942இல் காணாமற்போன ஒரு கணவன் மனைவியின் உடல்கள், 75 ஆண்டுகளுக்குப் பின் 2017இல், சான்ஃப்லெரோன் பனியாற்றில், அங்குள்ள சறுக்குத்தலத்தின் ஊழியரால் காணப்பட்டன. பனி தான் விழுங்கியதைக் கக்கும் அளவுக்கு உருகியிருந்தது.

அதன்பின் உருகல் இன்னும் விரைந்தது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்தன. ஆண்டு முழுவதும் சறுக்கலாம் எனப் பெயர்பெற்ற செர்மாட்டிலேயே 2022 கோடையில் சறுக்கலை நிறுத்திவைக்க நேர்ந்தது. றோன் பனியாற்றிலும் திற்லிஸ் மலையிலும் பனிமேல் விரித்திருக்கும் வெள்ளைத் துணிகளைப் படத்தில் கண்டு, விஞ்ஞானம் இதற்கும் வழி கண்டுவிட்டது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அத்துணி விரித்த இடத்தில் உருகலைப் பாதிக்குமேல் தடுக்கிறது என்பது மெய். ஆனால் அது விரிக்கப்படுவது சறுக்குத் தடங்களையும், மின்தூக்கித் தூண்களின் அடியையும், பயணிகள் பார்க்கவரும் பனிக்குகையையும் காப்பதற்காக. அவ்வாறு மூடப்பட்ட நிலமோ, அந்நாட்டுப் பனியாறுகளின் மொத்தப் பரப்பில் 0.02 சதவீதம் மாத்திரமே.