கட்டிளமைப் பருவ உளநலமும் பிற்கால மதுசாரப் பாவனையும்

க.பொ.த. (சா/த) சுகாதாரமும் உடற்கல்வியும்



தோட்டங்களில் மதுசாரப் பாவனைக்குக் காரணம் கேட்டால் நீங்கள் வழமையாக எழுதுபவை வறுமை, உடல் அலுப்பு, கூடாத சகவாசம். இவை பிழையல்ல. ஆனால் நம் ராகலைப் பகுதியில் ஒரே லயத்தில் வசித்து, ஒரே மலையில் ஒரே சம்பளத்துக்கு வேலை செய்யும் இருவரில் ஒருவர் தீபாவளிக்கு மட்டும் குடிக்கிறார். மற்றவருக்குக் குடிக்காவிட்டால் காலையில் கை நடுங்குகிறது. வறுமை மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாடு எப்படி வந்தது? விடையின் ஒரு பகுதி அவர்களது பதினொரு, பன்னிரண்டு வயதில் இருக்கலாம்.

கட்டிளமைப் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரையாகும். இப்பருவத்தினரில் ஏழு பேரில் ஒருவர் உளநலப் பிரச்சினைக்கு உள்ளாகின்றார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மனச்சோர்வு, பதகளிப்பு என்பன உள்ளே அடங்கிக் கிடப்பவை. வெளியே தெரிபவை வேறு: ஓரிடத்தில் இருக்க முடியாத மிகையியக்கம், மூர்க்கம், பொய், களவு, பாடசாலைக்கு ஒளித்தல் என்பன தொடர்ந்து காணப்படும் நடத்தைக் கோளாறு.

கவலையில் இருப்பவனே குடிகாரனாவான் என்று சினிமா நமக்குக் கற்றுத் தந்துள்ளது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73 இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்ந்தது போன்ற நீண்டகால ஆய்வுகளோ, சிறுவயது நடத்தைக் கோளாற்றுக்கும் பிற்காலப் போதைப் பிரச்சினைக்கும் இடையே வலுவான தொடர்பைக் காட்டுகின்றன. மனச்சோர்வுக்கும் தொடர்புண்டு, ஆயினும் அது எல்லா ஆய்வுகளிலும் அதேயளவு உறுதியாகத் தெரியவில்லை.

அப்படியானால் வகுப்பில் கூடுதலாக ஏச்சு வாங்குபவனே கூடுதலான ஆபத்தில் இருக்கக்கூடும். 'குழப்படிக்காரன்' என்று பெயர் வைத்து அவனை வெளியே நிறுத்துகிறோம். (ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு.) தரம் 9 உடன் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறான். கையில் காசு, பக்கத்தில் குடிக்கும் பெரியவர்கள், கேட்க ஆளில்லை. அவசர உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முன்மூளை ஏறத்தாழ 25 வயதளவிலேயே முதிர்ச்சியடைகிறது. குடி எவ்வளவு இளவயதில் தொடங்குகிறதோ, அதில் தங்கியிருக்கும் அபாயமும் அவ்வளவு கூடுகிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மதுசாரம் விற்பதைத் தடை செய்கிறது. கசிப்பு விற்பவர் வயது கேட்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கவனிக்க: தொடர்பு என்பது தலைவிதியன்று. குழப்படி செய்த பலர் குடியாமலே வாழ்கின்றனர். தந்தையின் குடியும் வீட்டுச் சண்டையும் பிள்ளையின் குழப்படிக்கும் பிற்காலக் குடிக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம். விடையில் "காரணம்" என்று எழுதாமல் "அபாயக் காரணி" என்றே எழுதுக.

மதுசாரப் பாவனைக் கோளாறு ஒரு நோயாகும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013 ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, 12 மாதங்களுக்குள் 11 அறிகுறிகளில் குறைந்தது இரண்டு காணப்பட வேண்டும். நிறுத்த முயன்றும் முடியாமை, அளவு கூடிக்கொண்டே போதல், வேலை கெடுதல் என்பன அவற்றுட் சில.

உதவி பெற: பாடசாலை ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், அரச வைத்தியசாலை உளநலப் பிரிவு, தேசிய உளநல நிறுவனத்தின் 1926 தொலைபேசிச் சேவை.

பயிற்சி வினா:
தரம் 8 இல் கற்கும் உமது நண்பன் அடிக்கடி சண்டையிடுகிறான். வாரத்தில் இரு நாள் பாடசாலைக்கு வருவதில்லை.
(அ) அவனிடம் காணப்படும் அபாயக் காரணிகள் இரண்டு தருக.
(ஆ) அவன் படிப்பை விடுமுன் நீரும் வகுப்பாசிரியரும் செய்யக்கூடியவற்றை விளக்குக.

<இ> "குடிகாரன் மகன் குடிகாரனே ஆவான்." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? காரணம் காட்டுக.