செவிப் பயிற்சி

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களைச் சிலப்பதிகார வகுப்பிற் பயில்கின்றோம். ஆயின், பெயரறிதல் வேறு, ஒலியறிதல் வேறு. செவியைப் பழக்குவது எங்ஙனம்?

சங்கராபரணமும் கல்யாணியும் முறையே 29-ஆம், 65-ஆம் மேளகர்த்தா இராகங்கள். இரண்டிற்கும் ஆறு சுரங்கள் பொது. மத்திமம் ஒன்றே வேறு. முன்னதிற் சுத்த மத்திமம். பின்னதில் அதனினும் அரைச்சுரம் உயர்ந்த பிரதி மத்திமம். தம்பூராவின் சுருதியைச் செவியில் நிறுத்தி, இரண்டின் ஆரோகண அவரோகணங்களையும் மாறிமாறிக் கேட்போம். தொடக்கத்தில் வேறுபாடு புலப்படாதெனினும், நாளடைவில் மத்திமம் வருமிடத்தைச் செவி தானே எதிர்நோக்கும். அதன்பின் ஆலாபனை கேட்குங்கால், சொல்லின் துணையின்றியே இவற்றுள் எதுவெனத் தெளிவோம்.

இசையுணர்வு பிறவிப்பேறெனக் கருதி ஒதுங்கி நிற்கும் நண்பர்காள், ஒரு சுரத்தில் தொடங்குவோமாக!