கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு: ஃபைலின் தேதி பற்றி

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்து என் ஸ்டுடியோவில் வேலை பழகும் பிள்ளைகளிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைக்கிறேன்.

1. காப்பி செய்தால் தேதியும் கூடவே வரும் என்று நம்பாதே. தேதி ஃபைலுக்குள் இல்லை, டிஸ்க் வைத்திருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. டிஸ்க் மாறினால் பதிவேடும் புதுசு. விண்டோஸில் காப்பி செய்தால் 'மாடிஃபைடு' பழையபடி நிற்கும், 'கிரியேட்டட்' இன்றைக்கு மாறிவிடும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைலைப் பார்த்து மிரண்டு என்னைக் கூப்பிடாதே.

2. நேரம் சரியாக ஐந்தரை மணி தள்ளி நின்றால் கார்டைக் குறை சொல்லாதே. எனக்கு நடந்ததைக் கேள். வைகுண்ட ஏகாதசிப் படங்கள், பரமபத வாசலிலிருந்து மணல்வெளி வரை எடுத்தவை, இணையத்திலிருந்து ஜிப்பாக வந்தன. தேதிவாரியாகப் பிரித்தேன். அதிகாலை 5.15 மணிப் படம் முந்தின இரவு 11.45 என்று தசமி ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. 5.30க்குப் பின் எடுத்தவை மட்டும் ஏகாதசியில். தசமியின் நாச்சியார் திருக்கோலத்துக்குப் பக்கத்திலேயே ஏகாதசியின் ரத்தினாங்கி! ஆல்பத்தைப் புரட்டிய மாமி ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

காரணம் இதுதான். ஜிப்பின் பழைய வடிவமும் மெமரி கார்டின் ஃபேட் முறையும் மணியை மட்டும் எழுதும். எந்த ஊர் மணி என்று எழுதாது. அந்த ஜிப்பைக் கட்டிய சர்வர் கிரீன்விச் கணக்கில் ஓடியிருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4 இரண்டும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, காட்டும்போதுதான் நம் ஐந்தரையைக் கூட்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை ஒன்று ஊர் மணியாகவும் மற்றது பொது நேரமாகவும் படிப்பதால், கடிகாரமே இப்படித் தாவலாம்.

3. ஃபேட்டில் மாற்ற நேரம் இரண்டு இரண்டு விநாடியாகத்தான் பதிவாகும். ஒரு விநாடி வித்தியாசத்துக்காக, லினக்ஸில் காப்பி செய்யும் ஆர்சிங்க் கட்டளை எல்லாப் படத்தையும் மறுபடி இழுக்கும். அதன் மாடிஃபை விண்டோவை 1 என்று வை.

4. தேதி மாறாமல் காப்பி செய்ய லினக்ஸில் சிபி கட்டளைக்கு மைனஸ் பி, ஆர்சிங்குக்கு மைனஸ் ஏ. மறக்காதே. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்.

5. அந்த உள்தகவல்தான் எக்ஸிஃப். கேமரா எழுதிய நேரம் அதில் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால், டிஸ்க் எத்தனை மாறினாலும் அசையாது. எக்ஸிஃப்டூலை வைத்து அதிலிருந்தே ஃபைல் தேதியைத் திருப்பி எழுதலாம். நான் ஆல்பத்தை அப்படித்தான் மீட்டேன். ஆனால் கேமரா கடிகாரமே தப்பாக இருந்தால்? வேலை தொடங்குமுன் உன் செல்போன் மணியை ஒரு படம் எடுத்துக்கொள். எத்தனை நிமிஷம் பிசகு என்று பிறகு அதை வைத்துத் திருத்தலாம்.

6. பெயரிலேயே தேதியை வை: வருஷம், மாதம், நாள், மணி. 20250110_0515 என்பது போல. 1987 மார்ச் 25, ராஜகோபுரக் கும்பாபிஷேகத்து நெகட்டிவ் கவரில் நான் பேனாவால் எழுதியது இன்னும் அழியவில்லை. மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

7. காப்பி முடிந்ததும் நாலைந்து படத்தைத் திறந்து மணியைப் பார். கார்டை அழிப்பது கடைசி வேலை. அதுவும் என்னைக் கேட்டுவிட்டு.