செகண்ட்ஸ் சிப்பில் தூங்கும் கோர்

தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். புடவையில் இழை அறுந்திருந்தால் 'செகண்ட்ஸ்' என்று விலை குறைத்துத் தள்ளுகிறோம் இல்லையா? சிப் கம்பெனி ஏஎம்டி 2009-ல் அதைத்தான் செய்தது. 4 கோர் சிப்பில் ஒன்றிரண்டு பழுது என்றால் அவற்றை அணைத்துவிட்டு, ஃபெனம் 2 எக்ஸ்2 550, எக்ஸ்3 720 என்று மலிவாக விற்றது. மலிவுச் சிப்புக்குக் கிராக்கி ஏறியதால் நல்ல சரக்கும் அந்தக் கட்டோடு போனது. பழைய டிடிபி மெஷினில் இந்தச் சிப் கிடைத்ததும், அணைத்த கோரை எழுப்ப பயோஸைத் திறக்க உனக்குக் கை துறுதுறுக்கும். முதலில் இதைக் கேள், கண்ணு.

1. ஃபைலையெல்லாம் வேறு ஹார்டு டிஸ்கில் ஏற்று. பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதே.

2. ஹீட்சிங்கைக் கழற்றிப் பார். ஜலகண்டாபுரத்தில் தறிப் பஞ்சு ஃபேனுக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். அதைத் துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் தடவு. எக்ஸ்2 550 வெறும் 80 வாட் சிப். 4 கோரும் ஓடினால் சூடு கூடும். கோரைத் திறந்ததும் வெப்ப அளவு சரியாகக் காட்டாமல் போவதும் உண்டு. சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம்.

3. எஸ்பி750 சிப்செட் போர்டு என்றால் பயோஸில் 'ஏசிசி' என்ற அமைப்பை ஆட்டோவில் வை. சில போர்டில் 'அன்லாக்' என்றே இருக்கும். எக்ஸ்2 550-ன் பெயர் 'எக்ஸ்4 பி50' என்று மாறினால் கோர் எழுந்துவிட்டது.

4. விண்டோஸ் வந்துவிட்டதென்று துள்ளாதே. நான் துள்ளினேன். மூணாம் நாள் கல்யாணப் பத்திரிகை ஃபைலை ஜிப் போட்டேன். திறந்தால் பாதி குப்பை. பழுதான கோர் எப்போதும் மெஷினை நிறுத்தாது, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விடு. ஒரு பிழை வந்தாலும் அந்தக் கோரை அணை. எக்ஸ்2-வில் மூன்று கோர் தேறினாலே லாபம்.

5. வோல்டேஜைக் கூட்டிச் செத்த கோரை எழுப்பப் பார்க்காதே. போர்டும் சேர்ந்து போகலாம்.

6. இப்போதைய ரைசன், இன்டெல் சிப்புகளில் அணைத்த கோரைத் திறக்க வழியில்லை. வழி இருக்கிறதென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே.

7. திரை கறுத்துப் போச்சா? அழாதே. பிளக்கைப் பிடுங்கு, போர்டில் இருக்கும் காசு பேட்டரியை எடு, 5 நிமிஷம் கழித்துத் திரும்பப் போடு. மெஷின் பழையபடி பழைய கோர்களோடு மட்டும் எழுந்திருக்கும்.