பிறப்பு விதித்த தடையும் தேர்வு கேட்கும் விலையும்

கேள்வி: ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் புதிய பதிப்புகளில் எந்த இனத்தவரும் எந்தத் தொழிலையும் எடுக்கலாம். கட்டுப்பாடு போனதால் சுவையும் போய்விட்டதா?

பதில்: இல்லை. கட்டுப்பாடு போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 1978-இல் வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் விதிநூலில் குள்ளர் இனத்தவர் மந்திரவாதியாகவே முடியாது. எல்ஃப் இனத்தவர் மந்திரவாதி ஆகலாம், ஆனால் 11-ஆம் நிலைக்கு மேல் உயர முடியாது. மனிதர்களே மையமான உலகை அந்த விதிநூலை எழுதிய கேரி கைகாக்ஸ் விரும்பியதே இதற்குக் காரணம். ஆனால் அந்தத் தடை ஆட்டக்காரரை எதையும் யோசிக்க வைக்கவில்லை. பிறப்பே விடையை எழுதிவிட்டது. 2000-இல் மூன்றாம் பதிப்பு அதை நீக்கியது. 2024 விதிநூலில் திறன் மதிப்பெண் கூடுவதும் இனத்தால் அல்ல, பாத்திரத்தின் பின்னணியால்தான்.

அப்படியானால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே அச்சில் வார்த்தவை ஆகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் 2014 பதிப்பு முதல், மனக்குவிப்பு தேவைப்படும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிலைநிறுத்த முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது கலைந்துவிடும். உங்கள் மந்திரத்தால் பறக்கும் தோழனைக் கீழே விழவிட்டு எதிரியைக் கட்டிப்போடுவதா என்ற கேள்வியை இந்த ஒரு விதி எழுப்புகிறது. இப்படி ஒவ்வொரு தேர்வுக்கும் விலை கேட்கும் கட்டுப்பாடுதான் பாத்திரத்தைச் செதுக்குகிறது. அதைக் காப்பாற்றுங்கள், பிறப்பின் தடைக்காக ஏங்க வேண்டாம்.