படத்தில் கைகள் என்ன சொல்கின்றன?

கொல்லிமலையில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். கம்பெனி ஆட்சி பற்றிய பாடத்தின்போது, 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் இரண்டைத் திரையில் காட்டினேன்.

முதலாவது, ‘கம்பெனி ஓவியம்’ எனப்படும் வகை. தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக இத்தகைய படங்களைத் தொகுதி தொகுதியாக வரைந்தார்கள். திருச்சியில் மைக்கா தகடுகளிலும் வரைந்தார்கள். பெரும்பாலும் கணவனும் மனைவியும் அருகருகே நிற்பார்கள். கையில் தொழிற்கருவி இருக்கும். நான் காட்டியது மண்பாண்டம் செய்யும் தம்பதியின் படம்.

மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன்: கண்ணுக்குத் தெரிவது என்ன? அதிலிருந்து நாம் ஊகிப்பது என்ன? வரைந்தவர் எதை விட்டுவிட்டார்?

முதல் இரண்டுக்கும் விடைகள் விரைவாக வந்தன. மூன்றாவதற்கு ஒரு மாணவி எழுந்தாள். “சார், அவங்க பேரையே கேக்கலையா?”

கேட்கவில்லை. அந்தத் தொகுதிகள் ஆளைக் காட்ட அல்ல, சாதியையும் தொழிலையும் வகைப்படுத்திக் காட்டவே வரையப்பட்டன. பானையை எடுத்துவிட்டால் அவர் யாரென்று சொல்ல அந்தப் படத்தில் எதுவும் இல்லை.

இரண்டாவது, ரவிவர்மா 1898இல் வரைந்த சகுந்தலை. காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நிற்கிறாள். முகமோ பின்னால் திரும்பியிருக்கிறது. “முள்ளை எடுக்கிறவ காலைத்தானே பாக்கணும்?” என்றான் ஒருவன். அதுதான் திறவுகோல். கை ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. அவள் தேடும் துஷ்யந்தன் படத்திலேயே இல்லை. இருந்தும் அவன் இருப்பதை உணர்கிறோம். முதல் படத்தில் கைக்குத் தொழில் மட்டுமே இருந்தது; இதில் கைக்குப் பின்னால் ஒரு மனமும் இருக்கிறது.

மறுநாள், வீட்டில் உள்ள ஒருவரை வரைந்து, பெயரும் எழுதி வரச் சொன்னேன். மிளகு பறிப்பவர், சாமை புடைப்பவர் எனப் படங்கள் வந்தன. ஒரு மாணவனின் படத்தில் அவன் அம்மா வாசலில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். “ஏதோ கவலை” என்றது வகுப்பு. நானும் அப்படியே நினைத்தேன்.

“இல்ல சார். அக்கா நாமக்கல்ல இருந்து வர்ற நாள். பஸ் சத்தம் கேக்குதான்னு பாக்குறாங்க.”

படத்தை மறுபடி பார்த்தேன். அம்மாவின் கண்கள் சாலையை நோக்கியிருந்தன. கையை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லிவிட்டோம்.

அன்று மாலை எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. அந்த மாணவனை நான் பல நாள் ‘மிளகுத் தோட்டத்துப் பையன்’ என்றே அழைத்து வந்திருக்கிறேன். கம்பெனி ஓவியர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். இப்போது பெயர் சொல்லியே அழைக்கிறேன்.

இந்தப் பாடத்துக்கு ஒரு பாடவேளையும் இரண்டு படங்களும் போதும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: ஒரு சைகைக்கு ஒரே பொருள் என்று பட்டியல் கொடுத்துவிடாதீர்கள். கை, கண், கையிலுள்ள பொருள், யாருக்காக வரையப்பட்டது ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரைந்தவர் வகுப்பிலேயே இருந்தால், கடைசியில் அவரையும் கேளுங்கள்.